அக்கா என்று அழைத்தும் அக்கா என்று விளங்கவில்லை: தொடக்கக் காட்சி பற்றி ஒரு கேள்வி

உப்புக்காற்று (கேள்வி)

வணக்கம். 26 நிமிடம் ஓடும் ஒரு குறும்படத்தைப் படமாக்கி முடித்துவிட்டு, அதன் முதல் நான்கு நிமிடங்களை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் மூன்று மாதமாகத் தவித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே படத்தொகுப்பு அறிந்தவர்களும் நிறையப் படம் பார்த்தவர்களும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை சிறியது. தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் அக்கா கூலி வேலை செய்கிறாள். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வீட்டில் சொல்லாமல் போய்த் திருமணம் செய்துகொண்ட தங்கை, அப்பா இறந்த செய்தி கிடைத்தும் அடக்கத்துக்கு வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில்தான் வந்து சேருகிறாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. அக்காவைத் தேடி உப்பளத்துக்கே நடந்து போகிறாள். படம் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வடிவத்தில் வசனம் ஏறக்குறைய இல்லை. இருட்டு விலகும் நேரம், பாத்திகளில் வானம் தெரிகிறது, தலையில் உப்புக் கூடையுடன் பெண்கள் வரிசையாக வரப்பில் நடந்து அம்பாரத்தில், அதாவது உப்புக் குவியலில், கொட்டுகிறார்கள். தங்கை வரப்பின் மறுமுனையிலிருந்து வந்து "அக்கா" என்று அழைக்கிறாள். அக்கா திரும்பாமல் நடந்துகொண்டே இருக்கிறாள். எட்டு ஆண்டுக் கோபம் முழுவதும் அந்த ஒரு நடையில் வந்துவிட்டதாக நான் நம்பியிருந்தேன். ஒரு திரைப்படச் சங்கத்தில் இருபது பேருக்குப் போட்டுக் காட்டியபோது, ஒளிப்பதிவு அருமை என்று எல்லோரும் பாராட்டிவிட்டு, அந்த வெளியூர்ப் பெண் பத்திரிகைக்காரியா என்று கேட்டார்கள். வேலை கேட்டு வந்தவள் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது பதினோராம் நிமிடத்தில்தான் பலருக்கும் விளங்கியிருக்கிறது.

நொந்துபோய் இரண்டாவது வடிவத்தில் தங்கையின் குரலில் ஒன்றரை நிமிடப் பின்னணிப் பேச்சு ஒன்றைச் சேர்த்தேன். எப்போது போனேன், ஏன் போனேன், அப்பா எப்படி இறந்தார், அக்கா ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை என எல்லாமே அதில் வந்துவிட்டன. இந்த முறை யாருக்கும் எந்த ஐயமும் எழவில்லை. ஆனால் மூன்றாம் நிமிடத்தில் முன்வரிசையில் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். இருபதாம் நிமிடத்தில் அப்பாவின் செருப்பை அக்கா வெளியே எடுத்து வைக்கும் இடம் வருகிறது. முதல் வடிவத்தில் அரங்கமே அமைதியான அந்த இடத்தில் இப்போது யாரோ இருமினார்கள்.

எவ்வளவு சொன்னால் போதும், எவ்வளவை மறைத்தால் சுவை என்பதற்கு ஏதாவது ஓர் அளவுகோல் இருக்கிறதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுபடி படமெடுக்க அதிகம் போனால் ஒரு நாள் கிடைக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்திகளெல்லாம் குளமாகிவிடும்; அதன் பிறகு தை, மாசிக்குத்தான்.

பழைய டாக்கீஸ்

உங்கள் முதல் பார்வையாளர்கள் குழம்பியதில் தவறில்லை. ஆனால் குழப்பம் தவறான இடத்தில் விழுந்துவிட்டது. திரையில் என்ன நடக்கிறது என்பது விளங்காமல் போவது ஒன்று. நடப்பது நன்றாக விளங்கி, ஏன் நடக்கிறது என்பது மட்டும் விளங்காமல் போவது வேறொன்று. முதலாவது பார்வையாளரைச் சோர வைக்கும், இரண்டாவது நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவரும்.

வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்து 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டோ, நடனமோ, சண்டையோ இல்லாத படம் என்று எல்லோரும் அதைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடத் துணிச்சலாகத் தோன்றுவது அதன் தொடக்கம்தான். படம் ஆரம்பித்ததுமே ஒரு வெடிச் சத்தம்; சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார்; பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய்க் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். 'பராசக்தி' வெளியாகி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். யாரைப் பார்க்கச் சீட்டு வாங்கி உள்ளே வந்தார்களோ அவரையே முதல் காட்சியில் கொன்றுவிட்டால், இனி இந்த மனிதரை எப்படிக் காட்டப்போகிறார்கள் என்ற ஆவலும் கொலைகாரர் யார் என்ற ஆவலோடு சேர்ந்துகொள்கிறது. அந்தச் சில நொடிகளில் நமக்குத் தெரிந்துவிட்டவற்றை எண்ணிப் பாருங்கள்: வீட்டுக்குள் நடந்த கொலை, செத்தவர் யார், முதலில் ஓடியவர் யார். தெரியாதது ஒன்றே ஒன்று, சுட்டது யார் என்பது. அந்த ஒன்றுக்காகவே மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், வெளியே ஒரு பெண் என ஐந்து பேரின் பக்கம் படம் திரும்பித் திரும்பிப் போகிறது. நாமும் சலிக்காமல் கூடவே போகிறோம்.

'சுப்ரமணியபுரம்' 2008இல் வந்தது. சிறையிலிருந்து விடுதலையாகி வெளியே வரும் ஒருவர் வாசலிலேயே குத்துப்படுகிறார். கதை 1980க்குப் போய்விடுகிறது. குத்துப்பட்டவர் யார் என்பதைப் படம் கடைசி வரை கையில் பொத்தி வைத்துக்கொள்கிறது. யாரென்று தெரியாத மனிதரை வைத்துப் படத்தைத் தொடங்கினாலும் நாம் குழம்பவில்லை, ஏனென்றால் நடந்த செயல் பட்டப்பகல்போல் தெளிவாக இருக்கிறது. '16 வயதினிலே' இதைவிட எளிமையானது: ஒரு பெண் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். காத்திருப்பது தெரிகிறது, யாருக்காக என்பது தெரியவில்லை. அந்த ஒரு கொக்கியில் முழுக் கதையையும் மாட்டிவிட்டார் பாரதிராஜா.

உங்கள் தொடக்கத்தில் தங்கை அழைப்பதும் அக்கா திரும்பாததும்தான் செயல். அதற்கு இருவரும் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்; ஏன் திரும்பவில்லை என்பது தெரியக் கூடாது. உங்கள் முதல் வடிவம் இரண்டையும் மறைத்தது. இரண்டாவது வடிவம் இரண்டையும் கொட்டிவிட்டது.

ஒரு புறச்செய்தி. நம் வணிகப் படங்களின் தொடக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள் குறும்படத்தில் ஏமாந்துபோவார்கள். திரையரங்கில் பத்து நொடித் தணிக்கைச் சான்றிதழ், புகையிலை எச்சரிக்கைப் படங்கள், நன்றி அட்டைகள் என எல்லாம் முடிந்து படம் தொடங்கிய பிறகும் கைப்பேசி வெளிச்சத்தில் இருக்கை எண்ணைத் தேடிக்கொண்டு நாலு பேர் காலை மிதிப்பார்கள். அதனால்தான் முதல் பத்து நிமிடத்தில் சொன்னதையே பிறகு இன்னொரு பாத்திரத்தின் வாயால் மறுபடி சொல்லும் வழக்கம் வந்தது என்பது என் எண்ணம். சங்கத்தின் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இருபது பேருக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

கத்தரிக்கோல்

மேலே எழுதிய ஐயாவுடன் உடன்படுகிறேன். நான் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்து வெட்டுகிறவன் என்பதால் கைவேலைப் பக்கமாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

'அந்த நாள்' வந்த அதே 1954இல்தான் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ'வும் வந்தது. முற்றத்தைச் சுற்றியுள்ள வீடுகளை ஒரு வலம் வந்துவிட்டு, கேமரா ஓர் அறைக்குள் திரும்புகிறது. நெற்றியில் வியர்வையோடு ஒருவர் தூங்குகிறார். வெப்பமானி கொதிக்கும் வெயில் என்கிறது. காலில் மாவுக்கட்டு. மேசையில் நொறுங்கிய கேமரா. சுவரில் பந்தயக் கார் ஒன்று விபத்தில் சிதறி, சக்கரம் நம்மை நோக்கிப் பறந்து வரும் புகைப்படம். இவர் ஒரு புகைப்படக்காரர், ஆபத்துக்குப் பக்கத்தில் போய்ப் படமெடுப்பவர், அப்படி எடுக்கப் போய்த்தான் காலை உடைத்துக்கொண்டார், இப்போது நகர முடியாமல் இருக்கிறார் என நான்கு செய்திகளை யாரும் வாய் திறக்காமலே நாம் அறிந்துவிடுகிறோம். கவனிக்க வேண்டியது பொருள்களின் வரிசை. மாவுக்கட்டு முதலில் வந்து "எப்படி?" என்று கேட்க வைக்கிறது, கேமராவும் புகைப்படமும் பிறகு வந்து பதில் சொல்கின்றன. வரிசையை மாற்றிப் புகைப்படத்தை முதலில் வைத்திருந்தால் அது வெறும் சுவர் அலங்காரமாகப் போயிருக்கும்.

நானே மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது 1964இல் வந்த சத்யஜித் ராயின் 'சாருலதா'. சாரு கைக்குட்டையில் கணவரின் பெயரின் முதலெழுத்தைப் பூத்தையல் போடுகிறாள். புத்தகத்தை எடுக்கிறாள், வைக்கிறாள். பிடி வைத்த சிறிய தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். தாழ்வாரத்தில் கணவர் வருகிறார். கையில் உள்ள புத்தகத்தில் மூழ்கியபடி, அவளைக் கவனிக்காமலே கடந்து போகிறார். சாரு அந்தத் தொலைநோக்கியை மெல்ல உயர்த்தி, சில அடி தொலைவில் போய்க்கொண்டிருக்கும் கணவரின் முதுகை அதன் வழியே பார்க்கிறாள். பிறகு கையைத் தாழ்த்துகிறாள். அந்தத் தொடக்கம் முழுவதும் பேச்சு மிகக் குறைவு. தெருவில் போகும் அந்நியரைப் பார்ப்பதற்கு எடுத்த கருவி, வீட்டுக்குள் இருக்கும் கணவரைப் பார்ப்பதற்கும் தேவைப்பட்டுவிட்டது என்ற ஒரு செய்திக்காகத்தான் அதற்கு முந்தைய அத்தனை ஜன்னல்களும். கைக்குட்டை இல்லாவிட்டால் அந்தப் பார்வையில் வலி இருந்திருக்காது. கணவர் மேல் அக்கறை இல்லாதவள் என்று நினைத்திருப்போம்.

இப்போது உங்கள் காட்சி. தலையில் கூடை சுமக்கிற எவரும் அழைத்தவுடன் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கழுத்து முறிந்துவிடும். நீங்கள் கோபம் என்று நினைத்து எடுத்ததைப் பார்வையாளர்கள் பாரம் என்று படித்திருக்கிறார்கள். அவர்கள் படித்ததுதான் சரி. அக்கா கூடையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு, திரும்பிப் பார்க்கக்கூடிய நிலையில் இருக்கும்போது தங்கை அழைக்க வேண்டும். அப்போதும் அவள் அடுத்த கூடைக்குப் போனால் அது கோபம். அம்பாரத்தின் அருகே அக்கா நிற்கும் படத்துண்டு ஏதாவது கைவசம் இருக்கிறதா? இருந்தால் "அக்கா" என்ற குரலை முந்தைய துண்டிலிருந்து பிரித்து இதன் மேல் போட்டுப் பாருங்கள். தங்கை தொலைவில் இருப்பதால் உதட்டசைவு ஒரு பொருட்டாகாது.

பாதங்களையும் பாருங்கள். உப்பளத்தில் நாளெல்லாம் நிற்கிற கால் எப்படி வெடித்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவளின் கால் வேறு மாதிரி இருக்கும். ஆனால் வரப்பு எங்கே வழுக்கும் என்பது தெரிந்தவள்போல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்தால், பத்திரிகைக்காரி என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

கட்டியங்காரன்

பின்னணிக் குரலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அதற்காக வாதாட ஒருவராவது வேண்டாமா?

தெருக்கூத்தில் ஒவ்வொரு வேடமும் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும், வந்திருப்பது யார் என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேட்பான். வேடம் தன் ஊர், குலம், பெருமை எல்லாவற்றையும் பாடிச் சொல்லும். இவன் நடுவே புகுந்து கிண்டல் செய்வான். முன்னால் பாயை விரித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் துரியோதனன் யார் என்று தெரியாதா? தெரிந்த கதையைத்தான் விடிய விடியப் பார்க்கிறார்கள். ஆகவே செய்தி தெரிந்துவிட்டதால்தான் சுவை கெட்டது என்று நீங்கள் முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. கூத்தில் கேட்பதற்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறான், மறுத்துப் பேசுகிறான், சொல்பவனைச் சீண்டுகிறான். உங்கள் தங்கை யாரிடம் பேசுகிறாள்? யாரும் கேட்காமல், யாரும் மறுக்காமல், காற்றில் பேசுகிறாள். விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்வதுபோல் இருந்திருக்கும்.

2014இல் வந்த 'மெட்ராஸ்' பின்னணிக் குரலில்தான் தொடங்குகிறது. வடசென்னையில் ஒரு சுவர், அதில் யார் விளம்பரம் எழுதுவது என்ற தகராறு, அதனால் விழுந்த உயிர்கள் என வரலாறே சொல்லப்படுகிறது, ஆனால் அலுக்கவில்லை. பேசப்படும் பொருள் நம் கண்முன்னே நிற்கிறது, தகராறும் இன்னும் தீரவில்லை. முடிந்துபோனதைச் சொல்லும் குரலுக்கும், முடியாததைச் சொல்லும் குரலுக்கும் அவ்வளவு வேறுபாடு.

பரிகாரமாக, குரலே இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் வந்த மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. வேட்டை நாய்களோடு வந்த இளைஞர்கள் வறண்ட நிலத்தில் ஒரு குட்டைத் தண்ணீரில் இருக்கிறார்கள். வேறு சிலர் வருவதைக் கண்டதும் எழுந்து போகிறார்கள். வந்தவர்கள் அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்கள். சற்று நேரத்தில் கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டிருக்கிறது, ரயில் வருகிறது. எழுந்து போனார்களே, அந்த எழுந்துபோதலில்தான் முழுச் செய்தியும் இருக்கிறது. யாரும் விரட்டவில்லை, விரட்டத் தேவையில்லாத அளவுக்கு அது பழகிப்போயிருக்கிறது. எந்தச் சாதியின் பெயரையும் உச்சரிக்காமல், இந்த ஊரில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை நாம் தெரிந்துகொள்கிறோம். அதற்குப் பிறகு நாயகன் சட்டக் கல்லூரிக்குள் நுழையும்போது, அங்கே என்ன நடக்கும் என்று அவனுக்கு முன்பே நமக்குப் பயம் வந்துவிடுகிறது.

அளவுகோல் கேட்டீர்கள். தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என்று மூன்றை வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருள். பிரிவோ ஊடலோ இரங்கலோ உரிப்பொருள். அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயர் வராது, ஊர்க்கதை வராது. ஆனால் பேசுவது தோழியா, செவிலியா, தலைவியா என்பதில் நமக்கு ஐயம் எழுவது அரிது, ஏனென்றால் ஒருவரை ஒருவர் விளிக்கும் முறையிலேயே அது தெரிந்துவிடுகிறது. உங்கள் படத்தில் நிலமும் பொழுதும் தொழிலும் வேண்டிய அளவு இருக்கின்றன. விளியில்தான் கோட்டை விட்டீர்கள்.

தமிழில் "அக்கா" என்பது உறவுச் சொல்லே இல்லை என்னும் அளவுக்குப் பொதுச்சொல் ஆகிவிட்டது. பூக்காரரும் அக்கா, பேருந்தில் பக்கத்தில் இருப்பவரும் அக்கா. வெளியூர்ப் பெண் ஒருத்தி முன்பின் அறியாத தொழிலாளியை "அக்கா" என்று அழைப்பது மிக இயல்பு. உங்கள் பார்வையாளர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் நம் மொழியில் வேறொரு வசதி இருக்கிறது. "எங்க அப்பா" என்றால் கேட்பவருக்கு அவர் அப்பா இல்லை. "நம்ம அப்பா" என்றால் இருவருக்கும் அப்பா. ஒரே ஒரு சொல்லை மாற்றி ஒரு குடும்பத்தையே சொல்லிவிடலாம். எட்டு ஆண்டு கழித்து வந்த தங்கையிடம் அக்கா வேண்டுமென்றே "எங்க அப்பா" என்று சொன்னால் எப்படி இருக்கும்? யோசியுங்கள்.

உப்புக்காற்று

மூவருக்கும் நன்றி. கூடை விஷயத்தைப் படித்துவிட்டு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று நாள் அந்த வரப்பில் நின்று படமெடுத்தும் என் மண்டையில் உறைக்கவில்லை. அக்கா வெறுங்கையோடு நிற்கும் துண்டு ஒன்று இருக்கிறது. தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் உதவியாளர் தற்செயலாக எடுத்தது. அதைப் போட்டுப் பார்த்தேன், நடிக்காமல் நின்றதாலோ என்னவோ நடித்ததைவிட நன்றாக இருக்கிறது.

"எங்க அப்பா" என்பது என்னை உலுக்கிவிட்டது. ஆனால் அது முதல் நான்கு நிமிடத்தில் வந்தால் கோபத்தின் உச்சம் அங்கேயே போய்விடும் என்று அஞ்சுகிறேன். பிற்பாதிக்கு எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா? அப்படி வைத்தால் தொடக்கத்தில் உறவைச் சொல்ல மறுபடி எனக்கு ஒன்றும் இல்லை.

வேம்பாத்துப் பாதை

நான் சினிமாக்காரன் இல்லை. என் தாயார் இருபது ஆண்டுக்கு மேல் அளத்துக்குப் போனவர். அதனால் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா இறந்து பதினாறு முடிவதற்குள் மூத்த மகள் வேலைக்குப் போவாளா? போவாள். நாள் கூலிக்காரர் வீட்டில் துக்கத்துக்கு இத்தனை நாள் விடுப்பு என்று யாரும் தருவதில்லை, காரியச் செலவுக்கும் காசு வேண்டும். மழைக்கு முன் கிடைக்கிற கூலியை விட்டால் மூன்று மாதம் அடுப்பெரியாது. ஆனால் போனால் கூட வேலை செய்கிற பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். உங்கள் கதையில் அவர்கள் வரிசையாகக் கூடை சுமக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் இருட்டோடு அளத்துக்கு நடக்கும்போதே அன்றைய ஊர்ச்செய்தி முழுவதும் பேசி முடிந்துவிடும்.

யாராவது ஒரு வயதான அம்மா, "பதினாறு கழியலயே, அதுக்குள்ள வந்துட்டியா?" என்று கேட்பார். அக்கா பதில் சொல்ல மாட்டாள். பிறகு தூரத்தில் வரப்பில் வருகிறவளைப் பார்த்து அதே அம்மா, "ஏட்டி, அங்க வாறது உன் தங்கச்சி மாதிரில்லா இருக்கு" என்பார். அக்கா கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வாள். திரும்பிப் பார்க்காமல் இருக்க அதைவிட நல்ல வழி ஏது?

பழைய டாக்கீஸ்

வேம்பாத்துப் பாதை அவர்களே, சினிமாக்காரன் இல்லை என்று சொல்லிக்கொண்டே காட்சியை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கூடையைப் பற்றிக் கத்தரிக்கோல் சொன்னதும் நீங்கள் சொன்னதும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒன்றுதான்: தலையில் பாரம் இருப்பதால் திரும்பவில்லை என்பது விபத்து, திரும்பக் கூடாது என்பதற்காகப் பாரத்தை ஏற்றிக்கொள்வது முடிவு.

இரண்டு கேள்விகளும் நம் அவைக்காகக் கேட்கப்பட்டவை அல்ல என்பதையும் கவனியுங்கள். அந்த அம்மாவுக்கு வம்பு பேச வேண்டும், பேசுகிறார். இறப்பு, இறந்து எத்தனை நாள், இவள் காரியத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவள், வருகிறவள் தங்கை என எல்லாம் நமக்கு ஒட்டுக்கேட்டதுபோல் வந்து சேருகின்றன. யார் இறந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டார், நன்றாகத்தான் செய்தார். "நம்ம அப்பா", "எங்க அப்பா" இரண்டுமே பிற்பாதிக்கு மிச்சமாகிவிட்டன.

உப்புக்காற்று

போன ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் போய் எடுத்துவிட்டோம். அந்த வயதான அம்மாவாக அதே அளத்தில் வேலை செய்கிறவரையே நடிக்கக் கேட்டோம். "உன் தங்கச்சி மாதிரில்லா இருக்கு" என்பதை எழுதிக் கொடுத்தபடி சொல்லாமல், "வந்துட்டாளா மகராசி" என்று முதலில் தானாகச் சேர்த்துக்கொண்டார். வெட்டுவதற்கு மனம் வரவில்லை. பின்னணிக் குரல் முழுவதும் போய்விட்டது. நான்கு நிமிடம் இப்போது இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.

நேற்று புதிதாகப் பதினைந்து பேருக்குக் காட்டினேன். படத்தைப் பாதியில் நிறுத்தி என்ன புரிந்தது என்று கேட்டேன் (இதைச் செய்யக் கூடாது என்று நீங்கள் திட்டலாம்). வீட்டில் ஒரு சாவு, வந்தவள் சாவுக்கு வராதவள் என்பதை எல்லோரும் சொன்னார்கள். நாளைக் காரியத்துக்கு அவளை உள்ளே விடுவார்களா என்று ஒரு பெண்மணி என்னிடமே கேட்டார். ஆனால் இரண்டு பேர் மட்டும், உடன்பிறந்த தங்கையா சித்தப்பா மகளா என்பது தெளிவாக இல்லை என்கிறார்கள். "தங்கச்சி" என்பதும் அப்படித்தான் போலிருக்கிறது. அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

கத்தரிக்கோல்

வேண்டாம். சித்தப்பா மகள் என்று எண்ணிக்கொண்டு பார்த்தாலும் இருபதாம் நிமிடத்துச் செருப்புக்கு முன்பாக அவர்களுக்கே தெரிந்துவிடும். அதுவரை அவர்கள் இருவரும் மற்ற பதின்மூன்று பேரைவிட உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "வந்துட்டாளா மகராசி"க்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி விட்டிருக்கிறீர்கள்? அக்காவின் முகத்துக்கு உடனே போகாமல், கூடையின் விளிம்பில் அவள் கை இறுகுவது வரை பொறுத்திருந்து வெட்டுங்கள். கை தெரியும் துண்டு இல்லையென்றால் சொல்லுங்கள், வேறு வழி பார்க்கலாம்.